நுரையீரலைச் சுற்றி நீர்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பலவற்றிலும் ஒரே தவிப்பு. ‘நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள், ஊசி போட்டு எடுத்தார்கள், ஏன் வந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.’ நீரை எடுத்தால் மூச்சுத் திணறல் குறையும். ஆனால் காரணம் பிடிபடாவிட்டால் நீர் பெரும்பாலும் திரும்ப வரும். அதனால் காரணம் தேடுவதைப் பற்றிய கேள்விகளையே இம்முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். மறுநாள் ஸ்கேனில் ‘கொஞ்சம் நீர் இருக்கிறது’ என்று வந்தது. எதை நம்புவது? நுரையீரலுக்குள் தண்ணீர் என்பதும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: இரண்டும் வேறு. நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் நீர் நிறைவது ஒரு நிலை. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் இரண்டு மெல்லிய உறைகளுக்கு நடுவே நீர் தேங்குவது இன்னொரு நிலை. உங்கள் ஸ்கேன் சொல்வது இரண்டாவதைத்தான். அறிக்கைகளில் ‘புளூரல் எஃப்யூஷன்’ என்று எழுதுவார்கள்.

நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் அந்த இடைவெளியில் 10 முதல் 20 மி.லி. வரை நீர் உண்டு. மூச்சு விடும்போது உறைகள் உரசாமல் வழுக்கிச் செல்ல அது வேண்டும். ஊறுவதும், நிணநாளங்கள் வழியாக உறிஞ்சப்படுவதும் ஓயாமல் நடக்கின்றன. ஊறுவது கூடினாலோ உறிஞ்சுவது தடைபட்டாலோ தேக்கம் ஏற்படுகிறது.

நின்றபடி முன்பின்னாக எடுக்கும் எக்ஸ்ரேயில் விலாவும் உதரவிதானமும் சேரும் கூர்மையான மூலை மழுங்கித் தெரிய, சுமார் 200 மி.லி. சேர்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் 50 மி.லி. அளவிலேயே பின்மூலை மழுங்கிவிடும். படுக்கையில் வைத்து எடுத்த படம்தான் ஏமாற்றும். நீர் முதுகுப் பக்கமாகப் பரவி அந்தப் பக்கம் முழுதும் லேசான மங்கலாகத் தெரியுமே தவிர, மூலை மழுங்காது. அல்ட்ராசவுண்ட் இவற்றைவிடக் குறைந்த அளவையும் காட்டும். ஆகவே உங்கள் இரண்டு அறிக்கைகளும் சரியாகவே இருக்கலாம்.

ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தால் மூச்சுக்குழாய் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் நீரின் அழுத்தம் என்று பொருள். வெள்ளையான பக்கமே இழுக்கப்பட்டிருந்தால் நுரையீரல் சுருங்கியிருக்கிறது. அங்கே நீர் என்று நினைத்து ஊசி போடக் கூடாது. நிறைய நீர் இருந்தும் மூச்சுக்குழாய் நடுவிலேயே நின்றால் எனக்குக் கவலை கூடும். உள்ளே கிளைக்குழாயை ஏதோ அடைத்து நுரையீரலும் சுருங்கியிருக்கலாம். அப்போது கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. இதயம் பலவீனம். கால் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்கும். இரண்டு பக்கமும் நீர் இருக்கிறது. ஆனால் டாக்டர் நீரை எடுத்துப் பார்க்காமல் சிறுநீர் போவதற்கான மருந்தை மட்டும் கொடுத்திருக்கிறார். இது அலட்சியமா?

பதில்: அலட்சியம் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளுக்கு அதுதான் முறை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமான நீர், கால் வீக்கம், படுத்தால் திணறல், எக்ஸ்ரேயில் பெரிதான இதயம், எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) பலவீனம் எல்லாம் ஒத்துப்போனால் ஊசி தேவையில்லை. இதயத்துக்குச் சிகிச்சை கொடுத்து நீர் குறைகிறதா என்று சில நாள் பார்ப்பார்கள். பெரும்பாலும் குறையும். ரத்தத்தில் என்.டி.-புரோ பி.என்.பி. என்ற பரிசோதனை செய்திருந்தால் அதுவும் உதவும். அது மிக உயர்ந்திருந்தால் இதயமே காரணம் என்ற கருத்து வலுப்படும்.

ஆனால் சில விஷயங்கள் தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இருந்தால், மூச்சை இழுக்கும்போது கத்தி குத்துவதுபோல நெஞ்சு வலித்தால், ஒரு பக்கம் மட்டும் நீர் இருந்தால் அல்லது இரு பக்க அளவும் மிகவும் வேறுபட்டால், இதயம் சாதாரண அளவில் இருந்தால், மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் குறையாவிட்டால் நீரை எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும். இதய நோயாளிக்கும் காசநோய் வரும், நிமோனியா வரும், புற்றுநோய் வரும். பழைய நோயின் பெயரிலேயே புதியதையும் எழுதி மூடிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. மருந்து தொடங்கிய நாளிலிருந்து தினமும் காலையில் அப்பாவின் எடையைக் குறித்து வையுங்கள். எடை நன்றாக இறங்கியும் நீர் அப்படியே இருந்தால், அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கப் போகிறார்கள். பயமாக இருக்கிறது. என்ன செய்வார்கள்? எவ்வளவு எடுப்பார்கள்? நான் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: உங்களை உட்காரவைத்து, முன்னால் ஒரு மேசையில் தலையணை போட்டு அதன்மேல் கைகளை மடக்கிச் சாயச் சொல்வார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்து இடம் குறிப்பார்கள். பார்த்துக் குறித்த பிறகு நீங்கள் எழுந்து நடமாடினாலோ வேறு மாதிரி உட்கார்ந்தாலோ நீர் இடம் மாறிவிடும். அதனால் ஸ்கேன் அறையில் குறி போட்டு, வார்டுக்குத் திரும்பிய பிறகு ஊசி போடுவது நல்ல முறை இல்லை. பக்கத்திலேயே கருவியை வைத்துக்கொண்டு உடனே செய்வதுதான் பாதுகாப்பு.

மரத்துப்போகும் மருந்தைத் தோலில் தொடங்கி உறை வரை படிப்படியாகச் செலுத்துவார்கள். உறையில் நல்ல வலி உணர்வு உண்டு, அங்கே தாராளமாக மருந்து போட வேண்டும். ஊசி எப்போதும் கீழே உள்ள விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே நுழையும். ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பிலும் ரத்தக் குழாய்களும் நரம்பும் ஓடுவதே காரணம். பரிசோதனைக்கு மட்டும் என்றால் 50 முதல் 60 மி.லி. போதும். மூச்சுத் திணறலுக்காக வடிப்பதென்றால் ஒரு தடவைக்குச் சுமார் 1.5 லிட்டரில் நிறுத்துவது வழக்கம். நாட்கணக்கில் நசுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறிவிடும் ஆபத்து உண்டு. நடுவில் விடாத இருமலோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்போதே நிறுத்த வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி முக்கியமான பகுதி. எடுத்த நீர் எங்கே எப்படிப் போகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. முதல் தடவையிலேயே எல்லாம் அனுப்பப்பட வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு எடுத்த நீரில் கிருமி வளர்வது கடினம், பலமுறை குத்தினால் நீரில் ரத்தம் கலந்து படிப்பதும் சிக்கல். புரதம், எல்.டி.எச். (செல்கள் சிதைந்தால் கூடும் நொதி), அல்புமின் (ரத்தத்தின் முக்கியப் புரதம்) பார்க்க ஒரு குழாய். சர்க்கரைக்கு ஃபுளூரைடு கலந்த தனிக் குழாய், இல்லையேல் வழியிலேயே செல்கள் சர்க்கரையைத் தின்று அளவு பொய்யாகக் குறையும். செல் எண்ணிக்கைக்கு ரத்தம் உறையாமலிருக்கும் ஈ.டி.டி.ஏ. குழாய். கிருமி வளர்ப்புக்குச் சுத்தமான குப்பி, அத்துடன் ரத்தக் கல்ச்சர் பாட்டில்களிலும் சில மி.லி. செலுத்தினால் கிருமி கிடைக்கும் வாய்ப்பு கூடும். மீதி முழுவதும் புற்றுச் செல் பரிசோதனைக்கு.

பி.எச். (நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) பார்ப்பதற்கு ரத்த வாயுப் பரிசோதனைக்கு எடுப்பதுபோல ஹெப்பாரின் பூசிய சிரிஞ்சில், காற்றுக் குமிழ் இல்லாமல் எடுத்து உடனே இயந்திரத்தில் போட வேண்டும். காற்று கலந்தால் பி.எச். கூடிக் காட்டும், மரத்துப்போகும் மருந்து கலந்தால் குறைத்துக் காட்டும். சீழாக வந்தால் இயந்திரத்தில் போடவே வேண்டாம், கண்ணால் பார்த்ததே முடிவு.

நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ‘இதே நேரத்தில் ரத்தத்திலும் புரதம், எல்.டி.எச்., சர்க்கரை பார்க்க எடுத்துவிட்டீர்களா?’ ரத்த அளவு இல்லாவிட்டால் நீரின் அளவுகளை ஒப்பிட வழியில்லை. இது எத்தனை இடங்களில் விட்டுப்போகிறது என்று பார்த்தால் மனம் வருந்தும்.

கேள்வி: அம்மாவின் பரிசோதனை விவரம்: நீரில் புரதம் 3.6, ரத்தத்தில் 6.9. நீரில் எல்.டி.எச். 140, ரத்தத்தில் 240 (மேல் எல்லை 250). நீரில் அல்புமின் 2.2, ரத்தத்தில் 3.7. அறிக்கையில் ‘எக்சுடேட்’ என்று போட்டிருக்கிறார்கள். அம்மா இதய நோய்க்காகச் சிறுநீர் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது புற்றுநோய் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: எண்களைத் தெளிவாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. அதனால் பதிலையும் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

தேங்கும் நீர் இரண்டு வகை. உறை நலமாக இருக்க, ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியோ ரத்தத்தில் அல்புமின் குறைந்தோ நீர் வடிந்து சேர்வது டிரான்சுடேட். இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை இதற்குக் காரணங்கள். உறையே அழற்சியுற்றோ நோயுற்றோ புரதத்தோடு கசிவது எக்சுடேட். நிமோனியா, காசநோய், புற்றுநோய், நுரையீரல் ரத்தக்கட்டி, மூட்டுவாதம், கணைய அழற்சி என்று பட்டியல் நீளும்.

பிரித்துப் பார்க்க 1972-இல் ரிச்சர்ட் லைட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் சொன்ன மூன்று அளவுகள் இன்றும் பயன்படுகின்றன. நீரின் புரதத்தை ரத்தப் புரதத்தால் வகுத்தால் 0.5-க்கு மேல், எல்.டி.எச்.-ஐ அதேபோல வகுத்தால் 0.6-க்கு மேல், நீரின் எல்.டி.எச். ரத்தத்துக்கான மேல் எல்லையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இவற்றில் ஒன்று பொருந்தினாலே எக்சுடேட்.

உங்கள் அம்மாவுக்கு: 3.6-ஐ 6.9-ஆல் வகுத்தால் 0.52. மயிரிழையில் தாண்டியிருக்கிறது. எல்.டி.எச். விகிதம் 0.58, தாண்டவில்லை. 250-இல் மூன்றில் இரண்டு பங்கு ஏறக்குறைய 167, நீரில் இருப்பதோ 140, அதுவும் தாண்டவில்லை. ஒரே ஓர் அளவு, அதுவும் நூலிழையில்.

இந்த அளவுகோல் எக்சுடேட்டைத் தவறவிடாமலிருக்க அமைக்கப்பட்டது. அதன் விலையாக, உண்மையில் டிரான்சுடேட்டாக இருப்பவற்றில் சுமார் நான்கில் ஒன்றை எக்சுடேட் என்று முத்திரை குத்திவிடும். சிறுநீர் மாத்திரை சாப்பிடுவோருக்கு இது அதிகம் நடக்கும். தண்ணீர் வேகமாக வெளியேற, புரதம் பின்தங்கி அடர்ந்துபோகிறது. அந்த நிலையில் கழித்தல் கணக்கு போட வேண்டும். ரத்த அல்புமினிலிருந்து நீரின் அல்புமினைக் கழித்தால் 1.2 கிராமுக்கு மேல் வந்தால், இதயக் காரணமே நம்பத்தக்கது. உங்கள் கணக்கில் 1.5. புரதத்தைக் கழித்தால் 3.1-க்கு மேல் இருக்க வேண்டும், உங்களுக்கு 3.3. இரண்டுமே இதயத்தின் பக்கம் பேசுகின்றன.

இதை அப்படியே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மாவின் நீரில் புற்றுச் செல் இல்லை, எக்கோவிலும் இதயப் பலவீனம் தெரிகிறது என்றால், அடுத்தடுத்த பெரிய சோதனைகளுக்கு ஓடுவதற்கு முன் இதய மருந்தைச் சரிசெய்து மறுபடி பார்ப்பதே நியாயமானது.

கேள்வி: என் மனைவிக்கு 29 வயது. மூன்று வாரமாக மாலையில் காய்ச்சல், எடை குறைவு, வலது பக்கம் நீர். நீரில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் ஏ.டி.ஏ. 68 என்று சொல்லி காசநோய் மருந்து தொடங்கச் சொல்கிறார்கள். கிருமியே இல்லாதபோது எப்படி?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் உறையில் வரும் காசநோயில் நீருக்குள் கிருமிகள் மிகக் குறைவாகவே மிதக்கும். நீர் சேர்வதற்குப் பெரும் காரணம், உறையில் இருக்கும் சில கிருமிகளுக்கு எதிராக உடல் காட்டும் கடுமையான எதிர்ப்பு. அதனால் நீரை நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமி கண்டுபிடிப்பது நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவு. மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் விரைவுச் சோதனைகூட, சளியில் காட்டும் திறமையை இந்த நீரில் காட்டுவதில்லை. ‘கிருமி இல்லை’ என்ற அறிக்கை காசநோயை ஒதுக்கவில்லை.

ஏ.டி.ஏ. என்பது நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் ஒரு நொதி. பொதுவாக 40-க்கு மேல் இருந்தால் காசநோய்க்கு ஆதரவு. ஆனால் தனியாக அந்த எண்ணை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. பக்கத்திலேயே செல் வகைகளைப் பாருங்கள். லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) பாதிக்கு மேல், பெரும்பாலும் 80 சதவீதத்துக்கும் மேல் இருந்து, ஏ.டி.ஏ.-வும் உயர்ந்திருந்து, வயது இளமையாகவும், காசநோய் அதிகமுள்ள இடத்தில் வாழ்பவராகவும் இருந்தால் அந்த முடிவு வலுவானது. மாறாக நியூட்ரோஃபில்கள் (இன்னொரு வகை வெள்ளை அணுக்கள்) நிறைந்திருந்தால் ஏ.டி.ஏ. உயர்வு சீழ் பிடித்ததாலும் இருக்கலாம். மூட்டுவாதம், லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்று) ஆகியவையும் ஏ.டி.ஏ.-வை உயர்த்தும். 250-ஐத் தாண்டிய அளவுகளைப் பார்த்தால் நான் முதலில் நினைப்பது காசநோயை அல்ல, சீழையோ லிம்போமாவையோதான். இன்னொரு பக்கம், காசநோயின் முதல் சில நாட்களில் நியூட்ரோஃபில்களே அதிகமிருக்கும். சந்தேகம் நீடித்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

மருந்து தொடங்குமுன் மூன்று விஷயங்கள் முடிந்திருக்க வேண்டும். முதலாவது, சளிப் பரிசோதனை. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாகத் தெரிந்தாலும், இருமல் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். உப்பு நீராவி கொடுத்துச் சளியை வரவழைத்து வளர்த்துப் பார்த்தால் கணிசமானவர்களுக்குக் கிருமி கிடைக்கிறது. இரண்டாவது, எச்.ஐ.வி. பரிசோதனை. மூன்றாவது, கிருமியை வளர்க்கும் கல்ச்சருக்கு மாதிரி போயிருக்க வேண்டும். முடிவு வர வாரங்கள் ஆகும், ஆனாலும் மருந்துக்கு எதிர்ப்பு உள்ள கிருமியா என்று தெரிய அதுதான் வழி.

இவை போதாவிட்டால் உறையிலிருந்து சிறு துண்டு எடுக்கும் பயாப்ஸி. நீரைவிட உறையில் விடை கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். இதில் ஒரு சின்னத் தவறு பெரிய நஷ்டமாகிறது: எல்லாத் துண்டுகளையும் ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு வளர்க்க எதுவும் இல்லை. ஒரு துண்டாவது உப்புநீரில் தனியாகக் கல்ச்சருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘கொஞ்ச நாள் பார்ப்போம், நீர் தானாக வற்றினால் காசநோய் இல்லை’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். காசநோய் நீர் மருந்தில்லாமலேயே சில மாதங்களில் வற்றிவிடலாம். நோய் உள்ளே இருந்து, அடுத்த சில ஆண்டுகளில் நுரையீரலில் தலைகாட்டும். அதேபோல, மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் நீர் சற்றுக் கூடினால் மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடவும் வேண்டாம். உடலின் எதிர்ப்பாலும் அப்படி ஆகலாம், மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

கேள்வி: நிமோனியாவுக்கு ஊசி மருந்து போட்டு ஐந்து நாளாகிறது. காய்ச்சல் விடவில்லை. பக்கத்தில் நீர் சேர்ந்திருக்கிறது, ‘குழாய் போடலாமா பார்க்கலாம்’ என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வார்கள்?

பதில்: இங்கே நேரம் முக்கியம். நிமோனியாவோடு நீர் சேர்வது சாதாரணம். அதில் பெரும்பாலானவை மருந்திலேயே வற்றிவிடும். சிலவற்றில் மட்டும் கிருமி உறைக்குள் நுழைந்து, நீர் கெட்டியாகி, அறை அறையாகப் பிரிந்து சீழாகிறது. அந்த நிலைக்குப் போய்விட்டால் மருந்து அங்கே போதுமான அளவு சேராது, வடித்தே ஆக வேண்டும்.

நீர் சீழாகவோ கலங்கலாகவோ வந்தால், கிருமி தெரிந்தால், பி.எச். 7.2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குழாய். பி.எச். பார்க்கும் வசதி இல்லையென்றால் சர்க்கரையைப் பார்க்கலாம், 60 மி.கி.க்குக் கீழே இருந்தால் அதே முடிவு. துர்நாற்றம் வந்தால் காற்றில்லாமல் வளரும் கிருமிகள் என்று பொருள், மருந்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பெரிய குழாய்தான் வேண்டும் என்பதில்லை, 12 முதல் 14 ஃபிரெஞ்ச் (குழாயின் தடிமனுக்கான அலகு) அளவுள்ள மெல்லிய குழாயை அடைப்பு வராமல் உப்புநீரால் கழுவிப் பராமரித்தால் பெரும்பாலும் போதும். பி.எச். நன்றாக இருந்தும் காய்ச்சல் நீடித்தால் இன்னொரு அறையிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து அறைகளிலேயே பி.எச். வேறுபடும். உங்களுக்கு ஐந்து நாள் ஆகிவிட்டதால், இன்றே அல்ட்ராசவுண்டும் பரிசோதனைக்கு ஊசியும் நடக்க வேண்டும். நாளை என்று தள்ள இடமில்லை.

கேள்வி: அக்காவுக்கு இடது பக்கம் ரத்தம் கலந்த நீர். இரண்டு முறை எடுத்தும் புற்றுச் செல் இல்லை என்று வந்தது. பத்து நாளில் மீண்டும் நிறைந்துவிட்டது. இன்னொரு முறை அனுப்பிப் பார்க்கலாமா?

பதில்: மூன்றாவது முறை அனுப்புவதால் கிடைப்பது மிகக் குறைவு. உறையில் புற்றுநோய் இருப்பவர்களில் நீரிலிருந்தே கண்டுபிடிக்கப்படுவது ஏறக்குறைய 60 சதவீதம். முதல் தடவையில்தான் பெரும்பகுதி, இரண்டாவது முறை இன்னும் சிலர் கூடுவார்கள், அதற்குப் பிறகு பயன் தேய்ந்துவிடும். எந்தப் புற்று என்பதையும் பொறுத்தது. கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சினைப்பையிலிருந்தும் நுரையீரலின் சுரப்பிச் செல்களிலிருந்தும் வருபவை நீரில் செல்களை நன்றாக உதிர்க்கும். கல்நார் தூசியோடு தொடர்புடைய உறைப்புற்றான மீசோதீலியோமாவில் நீர்ப் பரிசோதனை மூன்றில் ஒருவருக்குத்தான் விடை தரும்.

அடுத்த படி கான்ட்ராஸ்ட் (படத்தைத் தெளிவாக்க ரத்தத்தில் செலுத்தும் மருந்து) போட்ட சி.டி. ஸ்கேன். முடிந்தால் நீரை முழுவதும் வடிக்கும் முன்பே எடுக்க வேண்டும், நீர் இருக்கும்போதுதான் உறையின் மேடுகள் பிரிந்து தெரியும். சாதாரண நெஞ்சுச் சி.டி.யைவிடச் சற்றுத் தாமதித்து, உறையில் மருந்து ஏறும் நேரத்தில் படம் பிடிக்க வேண்டும் என்று கேட்டு எழுதுவோம். உறை 1 செ.மீ.க்கு மேல் தடித்திருப்பது, முடிச்சு முடிச்சாக இருப்பது, நுரையீரலை முழுவதும் சூழ்ந்து தடித்திருப்பது, இதயப் பக்கத்து உறையும் தடித்திருப்பது ஆகியவை புற்றுக்கு ஆதரவான அடையாளங்கள்.

பிறகு தோராகோஸ்கோப்பி: விலாக்களுக்கு இடையே சிறு துளை வழியாகக் கேமராவைச் செலுத்தி, நீரை வடித்துவிட்டு, உறையைக் கண்ணால் பார்த்து, சந்தேகமான இடத்திலிருந்தே துண்டு எடுப்பது. பல இடங்களில் மயக்கம் கொடுக்காமல், தூக்கமருந்தும் மரத்துப்போகும் மருந்தும் மட்டும் தந்து செய்கிறார்கள். புற்றை உறுதிசெய்வதில் இதன் திறன் 90 சதவீதத்துக்கு மேல். அதே அமர்வில், நீர் மீண்டும் சேராமலிருக்க உறைகளை ஒட்டவைக்கும் டால்க் பொடியையும் தூவ முடியும். இத்தனை முறை நீர் நிறைந்த உங்கள் அக்காவுக்கு அது கூடுதல் நன்மை.

முதல் இரண்டு தடவை எவ்வளவு நீர் அனுப்பினார்கள் என்றும் விசாரியுங்கள். 5 மி.லி. அனுப்பிவிட்டு ‘இல்லை’ என்பதில் அர்த்தமில்லை, 50 மி.லி.யாவது போயிருக்க வேண்டும். செல்கள் கிடைத்தால் ‘செல் பிளாக்’ (செல்களைத் திரட்டி மெழுகில் பதிப்பது) செய்து வைக்கச் சொல்லுங்கள். எந்த உறுப்பின் புற்று, எந்த மருந்து கேட்கும் என்ற மரபணுச் சோதனைகளுக்கு அது வேண்டும்.

ரத்தம் கலந்திருப்பதாலேயே புற்று என்று முடிவுகட்ட வேண்டாம். நுரையீரல் ரத்தக்கட்டியிலும், அடிபட்டாலும், சில நேரம் காசநோயிலும் அப்படி வரும். நீரின் ஹெமட்டோக்ரிட் (சிவப்பணுக்களின் பங்கு) ரத்தத்தின் அளவில் பாதியோ அதற்கு மேலோ இருந்தால், அது ரத்தக் கசிவாகவே கருதப்படும். அது அவசரநிலை.

கேள்வி: அண்ணனுக்குக் கல்லீரல் சுருக்க நோய். வலது பக்கம் மட்டும் அடிக்கடி நீர். நிரந்தரமாகக் குழாய் வைத்துவிட்டால் நல்லதல்லவா?

பதில்: வேண்டாம். வயிற்றில் சேரும் நீர், உதரவிதானத்திலுள்ள நுண்துளைகள் வழியாக மேலேறுகிறது. பெரும்பாலும் வலது பக்கம் தேங்குவது அதனால்தான். வயிற்றில் நீர் வெளியே தெரியாமலும் இது வரலாம். குழாய் வைத்தால் நீரோடு புரதமும் உப்பும் ஓயாமல் வெளியேறும், சிறுநீரகம் கெடும், கிருமி நுழையும். உப்பைக் குறைப்பதும் மருந்துகளும்தான் முதல் சிகிச்சை. திணறல் வந்தால் அவ்வப்போது ஊசியால் வடித்துக்கொள்ளலாம். காய்ச்சலோ குழப்பமோ வந்தால் நீரில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை உடனே பார்க்க வேண்டும். கல்லீரல் மாற்று சிகிச்சை பற்றிய பேச்சையும் இப்போதே தொடங்குங்கள்.

கேள்வி: நீர் பால்போல வந்தது. சீழா?

பதில்: சுழற்றிப் பார்த்தால் தெரியும். சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுழற்றிய பிறகு மேலே தெளிந்தால் சீழ், பால்நிறம் அப்படியே இருந்தால் கொழுப்பு. பிறகு டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவைப் பாருங்கள். 110 மி.கி.க்கு மேல் இருந்தால் நிணநீர்க் குழாய் கசிகிறது. மார்பு அறுவை சிகிச்சை, விபத்து, லிம்போமா ஆகியவை வழக்கமான காரணங்கள். 50-க்குக் கீழே இருந்தால் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கொலஸ்டிரால் 200-ஐத் தாண்டியிருந்தால் பல ஆண்டுகளாகத் தேங்கிய பழைய நீர், பெரும்பாலும் பழைய காசநோய் அல்லது மூட்டுவாதம்.

கேள்வி: எல்லாச் சோதனையும் முடிந்தது. பயாப்ஸியும் எடுத்தாயிற்று. ‘குறிப்பிட்ட நோய் எதுவும் இல்லை, வெறும் அழற்சி’ என்று வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு அது அப்படியே அடங்கிவிடும். ஆனால் சிலருக்குப் பின்னாளில் உறைப்புற்று வெளிப்படுகிறது, அதனால் கண்காணிப்பை விடக் கூடாது.

விட்டுப்போன காரணங்களை இப்போது ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. நுரையீரல் ரத்தக்கட்டி அடிக்கடி தவறவிடப்படுகிறது. நீர் கொஞ்சமாகவும் வலியும் திணறலும் அதற்கு மீறியும் இருந்தால், அல்லது அண்மையில் அறுவை சிகிச்சையோ நீண்ட படுக்கையோ ஒரு கால் வீக்கமோ இருந்தால், நுரையீரல் ரத்தக் குழாய்களுக்கான சி.டி. எடுத்தாக வேண்டும். நீர்ப் பரிசோதனையில் அதற்கென்று தனி அடையாளம் கிடையாது. சாப்பிடும் மருந்துகளின் முழுப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். நைட்ரோஃபியூரன்டாயின், மெத்தோட்ரெக்சேட், அமியோடரோன், டாசாட்டினிப் ஆகியவை நீர் சேரக் காரணமாகும் மருந்துகளில் சில. நீரில் ஈசினோஃபில்கள் (மற்றொரு வகை வெள்ளை அணுக்கள்) 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மருந்தையும், முன்பு போட்ட ஊசியால் புகுந்த காற்றையும் ரத்தத்தையும், ஒட்டுண்ணிகளையும் நினைக்க வேண்டும், புற்றையும் மறக்கக் கூடாது. மூட்டுவலி, தோல் தடிப்பு உண்டா? இதய அறுவை சிகிச்சை நடந்ததா? மேல்வயிற்று வலி இருந்ததா? அப்படியானால் நீரில் அமிலேசு (கணையம் சுரக்கும் நொதி) பார்த்தார்களா? முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கப்பல் தளத்திலோ, கல்நார் கூரை, கல்நார் குழாய் வேலையிலோ இருந்ததுண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டிருந்தால், நீங்களே சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோ முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், குறைந்தது இரண்டு ஆண்டு தொடர வேண்டும். நீர் மீண்டும் சேர்ந்தாலோ, அந்தப் பக்கத்தில் விடாத வலி வந்தாலோ, எடை குறைந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் பயாப்ஸித் துண்டுகளின் கண்ணாடித் தகடுகளோடு போய்ப் பாருங்கள். பழைய தகடுகளை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் மறுபடி பார்க்கும்போது விடை கிடைத்துவிடுவதும் உண்டு. அவற்றை ஆய்வகத்திடமிருந்து கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துக் கொள்ளுங்கள், அறிக்கையின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.